ஓரெழுத்துப் பிழையில் திறந்த திடல்

நான் அரசாங்கத்தை ஏமாற்றித் திடலைத் திறந்தேன் என்று ஒரு கதை எங்கள் கல்லூரி விடுதியில் இன்னமும் உலவுகிறதாம். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புதிய மேற்பார்வையாளர் நோர்லிசா போன வாரம் தொலைபேசியில் அழைத்து, அது உண்மையா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஓய்வு பெற்று வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பவளுக்கு இப்படி ஒரு வீரப் பட்டம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் நான் செய்யாத தில்லுமுல்லுக்கு நான் ஏன் பெயர் வாங்க வேண்டும்? நான் செய்தது பிழை, சுத்தமான பிழை. பெருமைப்பட வேண்டியது அந்தப் பிழைக்குப் பிறகு நடந்த காரியம். அதை யாரும் ஒழுங்காகச் சொல்வதாகத் தெரியவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

என் பூர்வீகம் சுருக்கமானது. லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. எட்டு வருடம் தட்டச்சுதான். மலாயில் தோட்டத்தை 'லாடாங்' என்பார்கள். அலுவலகத்திலிருந்து போகிற ஒவ்வொரு கடிதமும் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். ஒரு நாளைக்கு நூறு முறையாவது அடித்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். அதன் பிறகு குளுவாங் பக்கம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பெண்கள் விடுதிக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் அங்கேதான் குப்பை கொட்டினேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி என்சிக் ரஹீம். மலாயில் என்சிக் என்றால் திரு. மாணவர் நலப் பிரிவின் துணை இயக்குநர். ஒல்லியான மனிதர், குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கடிதம் கொண்டுபோனால் உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று, கடிதத்தை மேசையில் விரித்து, ஒரு மர அடிக்கோலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். அந்த வரியை முணுமுணுவென்று வாய்க்குள் படிப்பார். பிறகு அடிக்கோல் அடுத்த வரிக்கு இறங்கும். எதிரே நிற்கும் நமக்குக் கைகால் மரத்துப்போகும். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் போதும், தாளை நம் பக்கம் திருப்பி வைத்து, "செக்காலி லாகி" என்பார். மறுபடி ஒரு முறை என்று அர்த்தம். எங்கே பிழை என்று சொல்ல மாட்டார். நாமே தேட வேண்டும். பெண்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரும் செக்காலி லாகிதான்.

நான் சேர்ந்த மூன்றாவது வருடம் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாமல் ஒரு வாரம் தவித்தோம். புது மோட்டார் கேட்டு நான் எழுதிய கடிதத்தை அவர் ஏழு முறை திருப்பிக் கொடுத்தார். ஏழாவது முறை எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்கள் வாளி தூக்கிப் படியேறுகிறார்கள், இந்த மனிதர் காற்புள்ளி பார்க்கிறாரே என்று மனதுக்குள் வண்டி வண்டியாகத் திட்டினேன். ஆனால் அந்தக் கடிதம் போன மறுநாள் மோட்டார் வந்து இறங்கியது. தலைமையகத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க அதில் இடமே இல்லை. அன்றிலிருந்து அவருடைய அடிக்கோலை நான் கிண்டல் செய்தாலும் மனதார மதித்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோவிட் வந்து நடமாட்டக் கட்டுப்பாடு போட்டபோது பெரும்பாலான பெண்கள் அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். எண்பத்தாறு பேர் மாட்டிக்கொண்டார்கள். கடல் தாண்டிப் போக வேண்டிய சபா, சரவாக் பெண்கள், பேருந்தைத் தவறவிட்டவர்கள், வராதே என்று வீட்டிலேயே சொல்லிவிட்டவர்கள். நானும் ஒரு பையில் துணியைப் போட்டுக்கொண்டு விடுதிக்கே குடிவந்தேன். ஆளுக்கோர் அறை, வெளியே வரக் கூடாது. விடுதிக்குப் பின்னால் காற்பந்து ஆடுகிற பெரிய திடல் இருக்கிறது. அதைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டிவிட்டார்கள். எல்லாப் பெண்களும் ஜன்னல் வழியாகப் பச்சைப் புல்லைப் பார்க்கலாம், மிதிக்க முடியாது.

மூன்று வேளையும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பையில் போட்டுக் கதவுக் குமிழில் மாட்டுவோம். ஒரு மணி நேரம் கழித்து நான் மூன்று மாடியும் சுற்றி, எந்தக் கதவில் பொட்டலம் அப்படியே தொங்குகிறது என்று பார்த்து ஒரு நோட்டில் அறை எண்ணைக் குறித்துக்கொள்வேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. காய்ச்சல் கண்டால் சாப்பாடு இறங்காது, அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்று நானே தொடங்கியது. முதல் வாரம் இரண்டு மூன்று பொட்டலம் தொங்கும். பெண்கள் பாடுவதும் கத்துவதுமாக விடுதி சந்தைக்கடை மாதிரி இருந்தது. நான் ஒரு நாளைக்குப் பத்து முறை திட்டினேன். மூன்றாவது வாரம் சத்தம் அடங்கிப்போனது. ஒரு நாள் மதியம் முப்பத்தோரு பொட்டலம் தொங்கியது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

அந்த முப்பத்தொன்றில் மூன்றாம் மாடிக் கடைசி அறைதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. பவித்ரா, சிகாமட் பெண், நில அளவைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அப்பா சிங்கப்பூரில் வேலை, எல்லையை மூடியதும் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை. என்னால் உனக்கு நோய் ஒட்டிவிடும், நீ அங்கேயே இரு என்று அம்மாவே சொல்லிவிட்டார். தொடர்ந்து நான்கு வேளை அவள் கதவில் பொட்டலம் தொங்கியதும், கண்ணாடிப் பட்டை ஜன்னலுக்கு வெளியே முகக்கவசத்தோடு நின்று பேச்சுக் கொடுத்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"ஒடம்பு நல்லாதான் இருக்கு ஆன்ட்டி. எந்திரிக்கவே தோணல. படுத்தா தூக்கமும் வரல. என் படிப்பே வெளிய நின்னு அளக்குறதுதான். இங்க சுவத்தையே பாத்துப் பாத்து, நான் எதுக்கு இருக்கேன்னு தெரியாமப் போச்சு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் கல்லூரி மனநல ஆலோசகரை அழைத்தேன். அவர் தினமும் தொலைபேசியில் அவளோடு பேசினார். என்னையும் ஒரு நாளைக்கு நான்கு முறை அவள் ஜன்னலில் போய் நிற்கச் சொன்னார். ஐந்தாவது நாள் ஆலோசகர் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார், பேச்சு மட்டும் இந்தப் பெண்ணுக்குப் போதாது, வெயில் படவேண்டும், கால் நடக்கவேண்டும் என்று. எல்லாருக்குமே அதுதான் மருந்து என்றார். திடல் நாற்பதடி தூரத்தில் சும்மா கிடந்தது. அனுமதி தர வேண்டியது வட்டார அலுவலகம்.

அன்றே கடிதம் அடித்தேன். மலாயில் திடல் என்பது 'பாடாங்'. கல்லூரி பாடாங்கில் மாணவிகள் இடைவெளி விட்டு நடக்க அனுமதி வேண்டும் என்று எழுத வேண்டியதை, என் விரல்கள் கல்லூரி லாடாங் என்று அடித்துத் தொலைத்தன. ஓரிடத்தில் இல்லை, நான்கு இடத்திலும். எட்டு வருடத்துப் பழக்கம், நான் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவள் ஆயிற்றே. என்சிக் ரஹீம் அப்போது வீட்டில் இருந்தார். கடிதத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பினேன். கைப்பேசித் திரையில் அடிக்கோலை எங்கே வைப்பது? அவரும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இரண்டே நாளில் அனுமதி வந்தது. கட்டுப்பாட்டிலும் தோட்ட வேலைக்குத் தடை இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. காலை ஏழு முதல் பதினொன்று வரை, ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேர் என்று போட்டிருந்தது. நான் அதையெல்லாம் எங்கே படித்தேன்? அனுமதிக்கப்படுகிறது என்ற சொல்லைப் பார்த்ததும் நாடாவை அறுக்க ஓடினேன்.

சுண்ணாம்பால் பன்னிரண்டு வட்டம் போட்டேன். ஒரு வட்டத்துக்கு ஒரு பெண், அரை மணி நேரம், பிறகு அடுத்த பன்னிரண்டு பேர். முதல் நாள் ஒரு சரவாக் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்றபடி அழுதாள். வெயிலைப் பார்த்து அழுகிற பெண்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பவித்ரா முதல் இரண்டு நாள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் வந்து ஓரமாக நின்றாள். ஐந்தாம் நாள் என்னிடம் வந்து, வட்டமெல்லாம் கோணல், சில இடத்தில் ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லை என்று குறை சொன்னாள். எனக்குக் கோபமே வரவில்லை. கிடங்கிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கொடுத்து, நீயே போடம்மா என்றேன். மறுநாள் அவள் முறை முடிந்த பிறகும் மேலே போகாமல், குனிந்து குனிந்து முளையடித்துப் பன்னிரண்டு வட்டத்தையும் திருத்திப் போட்டாள். அன்று மதியம் அவள் கதவில் பொட்டலம் இல்லை. மொத்த விடுதியிலுமே நான்குதான் தொங்கியது.

ஒன்பதாம் நாள் காலை. திடல் வாசலில் ஒட்டியிருந்த அனுமதிக் கடிதத்தைப் பவித்ரா நின்று படித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நம்ம காலேஜ்ல லாடாங் எங்க இருக்கு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். லாடாங். லாடாங் பணியாளர்கள். லாடாங் பணிகள். ஒன்பது நாளாக எண்பத்தாறு பெண்களை, இல்லாத ஒரு தோட்டத்துக்கான அனுமதியில் வெளியே விட்டிருக்கிறேன். யாராவது பார்த்துக் கேட்டிருந்தால் என் வேலை போயிருக்கும். அது போகட்டும், பெண்களுக்கு அபராதம் போட்டிருப்பார்களே. உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தாளைக் கிழித்தெடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பவித்ராவிடம் அச்சுப் பிழை என்று மழுப்பினேன். பகல் முழுக்க அந்தக் கைப்பை என் மடியிலேயே இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னால் திடலை மூடுவார்கள், அந்தப் பெண் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். இந்த ஒரு நாள் நான் செய்த காரியத்துக்கு வேண்டுமானால் ஏமாற்று என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் மனசு பொறுக்காமல் என்சிக் ரஹீமை அழைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதத்தை மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிப் படித்தார். அவருடைய கையெழுத்தும் அதில் இருக்கிறதே. பிறகு, நாளைக்குத் திடலை மூடுங்கள், உண்மையைச் சொல்லிப் புதுக் கடிதம் எழுதுவோம் என்றார். அத்தனை வருடத்தில் முதல் முறையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் உங்கள் அடிக்கோல் வந்து காப்பாற்றுமா என்று கேட்டேவிட்டேன். கேட்ட பிறகு எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

அவர் கோபப்படவில்லை. மலாயில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன், புவான் என்றால் திருமதி: "புவான் மாலா, தப்பான கடிதத்தில் திறந்த திடலை யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் மூடலாம். சரியான கடிதத்தில் திறந்தால் ஒருவரும் மூட முடியாது. அந்தப் பெண்ணுக்கு எது வேண்டும்?"

கிடங்கில் நாடா மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

மறுநாள் காலை நாடாவை நானே மறுபடி கட்டினேன். என் கையால் செய்த வேலைகளில் அதைவிடக் கசப்பானது இல்லை. ஏன் மூடினேன் என்று பெண்களிடம் மறைக்கவில்லை. மாடி மாடியாகப் போய், நான் ஓரெழுத்தைத் தப்பாக அடித்துவிட்டேன், அதைச் சரிசெய்யும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பவித்ராவிடம் தனியாக, அச்சுப் பிழை என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் ஜன்னலுக்குள்ளிருந்து தலையை மட்டும் ஆட்டினாள்.

என்சிக் ரஹீம் அன்று சிறப்பு அனுமதி வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார், கையில் அதே அடிக்கோல். முதல் பிரதியில் பிழைக்கு மன்னிப்புதான் பாதிக் கடிதம். செக்காலி லாகி. இரண்டாவதில் பெண்கள் படும் துன்பத்தை உருக்கமாக எழுதினேன். செக்காலி லாகி. உருக்கத்தை எடுத்துவிட்டு, நாம் கண்ணால் பார்த்தது எது, அதை மட்டும் எழுதுங்கள் என்றார். பிழையை எங்கே என்று சொல்லாத மனிதர் முதல் முறையாக வழி சொன்னார். அப்போதுதான் என் பொட்டல நோட்டு ஞாபகம் வந்தது. திடல் திறக்காத நாட்களில் எந்தெந்த அறையில் சாப்பாடு தொங்கியது, திறந்த ஒன்பது நாளில் எப்படிக் குறைந்தது, மூடிய நாளில் எத்தனை என்று அறை அறையாக அதில் இருந்தது. அவர் நோட்டை வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோல் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இதையே இணைப்பாகக் கொடுப்போம் என்றார். கூடவே திடலின் வரைபடம் ஒன்று இருந்தால் நல்லது, வட்டம் எங்கே, இடைவெளி எவ்வளவு, பெண்கள் எந்த வழியாக இறங்கி எந்த வழியாக ஏறுவார்கள் என்று காட்ட வேண்டும் என்றார். வரைய ஆள் வேண்டுமே என்று அவர் யோசிக்கும்போதே நான் மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தேன்.

கதவில் காலைச் சாப்பாடு அப்படியே தொங்கியது. ஜன்னல் வழியாக வரைபடத்தாளையும் பென்சிலையும் நீட்டினேன். எனக்குத் தெரியாது ஆன்ட்டி, வேற யாரையாச்சும் கேளுங்க என்றாள். அளந்தது நீ, வேறு யாருக்கம்மா தெரியும் என்றேன். கெஞ்சவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்கு வேறு ஆள் இல்லை. தாளை வாங்கிக்கொண்டாள். மதியம் மூன்று மணிக்கு ஜன்னல் இடுக்கில் அதைச் செருகியிருந்தாள். நான் அதுவரை பார்த்த எந்த அலுவலக வரைபடமும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. என்சிக் ரஹீம் அடிக்கோலை அதன் மேல் வைத்து அளவு பார்த்தார், தாளைத் திருப்பி வைக்கவில்லை. கடிதம் ஆறாவது பிரதியில் நின்றது. அதில் பாடாங் என்ற சொல் ஐந்து இடத்தில் வந்தது, ஐந்தையும் நான் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தேன்.

நான்காம் நாள் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி நேரிலேயே வந்தார். கையில் என் இரண்டு கடிதங்களும் இருந்தன. பழைய கடிதத்தைக் காட்டி, இந்த லாடாங் எங்கே இருக்கிறது என்று மலாயில் கேட்டார். தோட்டம் எதுவும் இல்லை, இருந்தது என் விரலில்தான் என்று சொல்லி, கிராணி வேலை பார்த்த கதையையும் சொன்னேன். முகக்கவசத்துக்குப் பின்னால் அவர் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. எங்கள் பக்கமும் மூன்று பேர் படித்துத்தான் அனுப்பியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னார். பிறகு வரைபடத்தை விரித்து, இதை வரைந்தவர் யார் என்றார்.

பவித்ராவை இறங்கி வரச் சொன்னோம். தலைகூடச் சரியாக வாராமல் வந்தாள். அதிகாரி, இந்த அளவெல்லாம் சரிதானா, எனக்குக் காட்டு என்றார். நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாத பெண், பேசுவாளோ மாட்டாளோ. அவள் அளவு நாடாவின் ஒரு முனையை அதிகாரியின் கையிலேயே கொடுத்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வட்டத்திலிருந்து வட்டத்துக்கு நடந்தாள். பன்னிரண்டையும் அளந்து காட்டினாள். பேசப் பேசக் குரல் ஏறியது. கடைசியில், இந்தத் திடலில் பன்னிரண்டு பேர் இல்லை, தாராளமாக இருபத்துநான்கு பேர் நிற்கலாம், மூன்று மீட்டர் இடைவெளி விட்டாலும் இடம் மிஞ்சும் என்று திருத்தமான மலாயில் சொன்னாள். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

அதிகாரி அங்கேயே காரின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பாடாங், இருபத்துநான்கு பேர், காலையும் மாலையும். வரைபடத்துக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார், மற்ற விடுதிகளிலும் இதே மாதிரி செய்யச் சொல்லப் போவதாகச் சொன்னார். கார் போனதும் என்சிக் ரஹீம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் வேலைக் காலத்தில் அதைவிடப் பெரிய விருது எனக்குக் கிடைத்ததில்லை, வேண்டியதும் இல்லை.

மறுநாள் காலை முதல் முறைப் பெண்களைக் கீழே போகச் சொல்லிவிட்டு, வழக்கம்போல மேல்மாடியிலிருந்து சுற்றி வந்தேன். கடைசி அறைக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். அந்தச் சில நொடிகளில் என் மனம் போகாத இடமெல்லாம் போய்வந்தது. ஜன்னல் பட்டையை விலக்கிப் பார்த்தேன். படுக்கை மடித்திருந்தது, அறையில் ஆள் இல்லை. அப்போதுதான் கீழே திடலிலிருந்து ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இருபத்துநான்கு பெண்களுக்கு நடுவில் பவித்ரா இடுப்பில் கைவைத்து நின்று, கோட்டைத் தாண்டிய ஒருத்தியை உள்ளே போகச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். என் தலை தெரிந்ததும் அதே குரலில் என்னையும் அதட்டினாள்.

"ஆன்ட்டி, ஏழு மணின்னு லெட்டர்ல போட்டுருக்கு. மணி ஏழே கால் ஆச்சு. ஒங்களுக்கும் ஒரு வட்டம் போட்டு வெச்சிருக்கேன், எறங்கி வாங்க."

மூன்று மாடியும் நான் ஓடித்தான் இறங்கினேன்.